பணப்பழக்கம்: பிழையும் திருத்தமும்

தோற்றுவாய்

பொருள் ஈட்டும் வழிகளைக் கற்பிக்கக் கல்விக்கூடங்கள் பல உள. ஈட்டிய பொருளைக் காக்கும் வழியைக் கற்பிக்கும் வகுப்போ அரிதினும் அரிது. மூன்றாண்டு பயின்று பட்டம் பெற்று, பணியும் பெற்று, முதல் ஊதியத்தைக் கையேற்கும் இளைஞர், அன்றுவரை பெற்றோர் தந்த பணத்தைச் செலவிடப் பழகியவரே அன்றித் தம் பணத்தை ஆளப் பழகியவர் அல்லர். அந்த முதல் ஆண்டில் படியும் பழக்கங்களே பின்வரும் பல ஆண்டுகளின் போக்கை வகுத்து விடுகின்றன.

நம் துறையில் பயின்று சென்ற மாணவர் ஒருவர், சான்றிதழ் ஒன்றின் பொருட்டு நம்மைக் காண வந்தார். சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் பணி. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை. மாத ஊதியம் ரூ. 24,000. நலம் வினவியபோது அவர் முகம் வாடிற்று. "ஐயா, சம்பளம் வருவது தெரிகிறது, போவது தெரியவில்லை" என்றார். மது, சூது போன்ற தீய பழக்கம் எதுவும் அவருக்கு இல்லை. எனினும் மூன்றே ஆண்டுகளில் கடன் அட்டையில் ரூ. 20,000 நிலுவை சேர்ந்திருந்தது. அவ்வாண்டு தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவ இயலாமற் போனதே அவரைப் பெரிதும் வருத்தியது.

ஒழுக்கமுள்ள ஒருவரின் கையிலிருந்தும் பணம் நழுவுவது ஏன்? அதனைத் தடுக்கும் வழி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழக்கம் வேரூன்றும் விதம்

பணத்தை வீணாக்குவோரைச் சோம்பேறிகள் என்றும் மனவலிமை அற்றோர் என்றும் பழிப்பது உலக இயல்பு. பழிப்பினால் பழக்கம் மாறுவதில்லை. பழக்கம் என்பது பெரும்பாலும் மன உறுதியைப் பொறுத்தது அன்று. வழியின் எளிமையைப் பொறுத்தது. நீர் பள்ளத்தை நாடி ஓடுவது போலப் பணமும் தடையில்லாத வழியை நாடி ஓடுகிறது.

முன்னாளில் ஒரு பொருளை வாங்க வேண்டுமெனில் கடைத்தெருவுக்குச் செல்ல வேண்டும். மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுக்க வேண்டும். மெலிந்த பணப்பையைக் கண்ணால் காண வேண்டும். இம்மூன்றும் நம்மை அறியாமலே நம்மைக் காத்த தடைகள். 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் அறிமுகமான பின்னர், பெட்டிக்கடை முதல் பெருங்கடை வரை கைப்பேசியாலேயே பணம் செலுத்தும் வசதி நாடெங்கும் பரவியது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய தடைகள் மூன்றும் அதனோடு நீங்கின என்பதையும் நாம் மறத்தலாகாது.

பணம் கண்ணுக்குப் புலனாகாதபோது கை தாராளமாகிறது என்பது ஆய்விலும் வெளிப்பட்ட செய்தியாகும். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களிடையே பிரெலெக், சிமெஸ்டர் ஆகிய இருவர் நடத்திய ஆய்வு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகள் ஏலம் விடப்பட்டன. ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்று அறிவிக்கப்பட்டோரைவிட, கடன் அட்டையால் செலுத்தலாம் என்று அறிவிக்கப்பட்டோர் மிகுதியாக விலை கேட்டனர். சிலவற்றிற்கு அவ்விலை இருமடங்கையும் எட்டியது. பொருள் ஒன்றே, மாணவர்களும் ஒரே தரத்தினர், பணம் செலுத்தும் முறை மட்டுமே வேறு.

ஆகவே பழக்கத்தை மாற்ற விரும்புவோர் தம்மை நொந்து கொள்வதை விடுத்து, பணம் செல்லும் வழியை ஆராய்தல் வேண்டும். தேவையற்ற செலவின் வழியில் ஒரு தடையை வைத்தலும், சேமிப்பின் வழியில் உள்ள தடையை நீக்குதலுமே திருத்தத்தின் சாரம் எனலாம்.

முதற்படி: எழுதிப் பார்த்தல்

நாம் அம்மாணவருக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. ஒரு சிறு குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்து, "ஒரு மாதம் எழுதிக்கொண்டு வா. எதையும் குறைக்க வேண்டாம்; எதையும் மறைக்கவும் வேண்டாம்" என்றோம். தொகையோடு நேரத்தையும் காரணத்தையும் எழுதுமாறு வேண்டினோம்.

அடுத்த மாதம் அவர் கொணர்ந்த கணக்கு இது. அறை வாடகையும் மெஸ் உணவும் ரூ. 8,500, வீட்டிற்கு அனுப்பியது ரூ. 6,000, இருசக்கர வாகனத் தவணை ரூ. 3,200, கைப்பேசித் தவணை ரூ. 1,800, கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை ரூ. 1,000. ஆகக் கட்டாயச் செலவு ரூ. 20,500. எஞ்சுவது ரூ. 3,500.

எஞ்சிய தொகை சென்ற வழிதான் அவரையே வியப்பில் ஆழ்த்தியது. செயலி வழியே வரவழைத்த உணவுக்கு ரூ. 2,900; திரும்பி வாராத கைமாற்றாக நண்பர்களுக்கு ரூ. 1,200, பயன்படுத்தாமலே மாதந்தோறும் தானாகக் கழிந்துகொண்டிருந்த சந்தாக்களுக்கு ரூ. 450. கூட்டினால் ரூ. 4,550. கையிலிருந்ததோ ரூ. 3,500. குறைந்த ரூ. 1,050 கடன் அட்டையின் தலையில் ஏறியிருந்தது.

அவர் இன்னொன்றையும் கண்டார். பதினாறு முறை உணவு வரவழைத்ததில் பதின்மூன்று முறை இரவு பத்து மணிக்குப் பின்னர் நிகழ்ந்தவை. மெஸ் ஒன்பது மணிக்கே மூடப்படும். அவர் பணி முடிந்து அறை திரும்புவது பத்து மணிக்கு. நாவின் சுவை என்று அவர் எண்ணியிருந்தது உண்மையில் பசியே. இதனை எந்த அறிவுரையும் காட்டியிராது. நேரத்தையும் சேர்த்து எழுதிய ஏடு காட்டியது.

இரண்டாம் படி: வட்டியின் உண்மை உருவை அறிதல்

கடனின் கொடுமை பெரும்பாலும் அதன் மொழியில் மறைந்திருக்கிறது. 'மூன்று வட்டி' என்று நம் ஊர்களில் வழங்குவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். அஃதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. 'ஐந்து வட்டி' ஆண்டுக்கு 60 விழுக்காடு. மாதக் கணக்கில் சிறு எண்ணாய்த் தோன்றுவது ஆண்டுக் கணக்கில் பேருருக் கொள்கிறது.

தண்டல் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கடனில் ரூ. 1,500ஐ முன்னரே பிடித்துக்கொண்டு ரூ. 8,500 தரப்படுகிறது என்றும், நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நூறு நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் வாங்கியவர் முதல் நாளிலிருந்தே திருப்பிச் செலுத்தத் தொடங்கி விடுகிறார். கையில் வாங்கிய தொகை முழுவதும் நூறு நாளும் அவரிடம் இருப்பதில்லை. இதனைக் கருதிக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றின் பெயரால் மிகை வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

கடன் அட்டையின் கணக்கோ படித்தோரையும் மயக்குவது. நம் மாணவரின் நிலுவை ரூ. 20,000. மாத வட்டி 3.5 விழுக்காடு என்றால் ரூ. 700. அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி ரூ. 126. அவர் கட்டும் குறைந்தபட்சத் தொகை ரூ. 1,000. இதில் ரூ. 826 வட்டிக்கும் வரிக்கும் சென்றுவிட, அசலில் குறைவது ரூ. 174 மட்டுமே. புதிதாக ஒரு ரூபாயும் செலவிடாமல், நிலுவையில் 5 விழுக்காட்டை மட்டும் மாதந்தோறும் கட்டி வந்தால், கடன் பாதியாகக் குறையவே ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். அவரோ மாதம் ரூ. 1,050 புதிதாகச் சேர்த்தும் வந்தார். தவறாமல் கட்டிக்கொண்டே இருந்தும் கடன் வளர்ந்துகொண்டே இருந்ததன் மருமம் இதுவே.

கைப்பேசிச் செயலி வழியே நொடியில் கடன் பெறுவோர்க்கு ஒரு செய்தி. பாரத ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் பெறுமுன்னரே எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். கடன் வேண்டாம் எனக் கருதினால் குறித்த காலத்திற்குள் அசலையும் அக்காலத்திற்குரிய கட்டணத்தையும் திருப்பிச் செலுத்தி விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆண்டு விகிதத்தைக் காட்ட மறுப்பவரிடம் கடன் வாங்காதிருத்தலே அறிவுடைமை.

மூன்றாம் படி: முதலில் ஒதுக்குதல்

'செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம்' என்பது பலரும் கொள்ளும் உறுதி. மிஞ்சுவதோ இல்லை. 'சேமித்தது போக மிஞ்சியதைச் செலவிடுவோம்' என்று வரிசையை மாற்றினால் நிலைமையும் மாறுகிறது. நம் அன்னையர் அடுப்பேற்றுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இட்டு வைத்த முறை இதுதான். சமைத்தபின் மிஞ்சியதை அவர்கள் எடுத்து வைக்கவில்லை.

இதனைப் பெரிய அளவில் சோதித்தவர்கள் ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி ஆகிய பொருளியல் அறிஞர்கள். அமெரிக்கத் தொழிலாளர்களிடம், இன்றைய ஊதியத்தில் எதையும் பிடிக்காமல், வருங்காலத்தில் ஊதியம் உயரும்போதெல்லாம் சேமிப்பின் பங்கும் தானாக உயர முன்கூட்டியே இசைவு பெற்றனர். 2004இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையின்படி, இத்திட்டத்தில் சேர்ந்தோரின் சேமிப்பு நாற்பது மாதங்களில் ஊதியத்தின் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. கையில் வந்த பணத்தை விட்டுக்கொடுப்பது கடினம். கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. தேலர் 2017ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. அஞ்சலகத்தில் ஆர்.டி. எனப்படும் தொடர்வைப்பை மாதம் நூறு ரூபாயிலேயே தொடங்கலாம். ஊதியம் வரும் நாளிலேயே தொகை தானாகக் கழியுமாறு செய்துவிட்டால், மாதந்தோறும் மனத்தோடு போராட வேண்டிய தேவை நீங்குகிறது.

நான்காம் படி: தடை அமைத்தல்

மண் உண்டியலின் சிறப்பு அதன் வாயில் அன்று, அதை உடைத்தாலன்றிக் காசு எடுக்க முடியாது என்பதில் உள்ளது. பிலிப்பைன்ஸ் நாட்டில் வங்கியொன்று இம்முறையையே கையாண்டது. வாடிக்கையாளர் தாமே குறித்த நாள் வரும்வரை, அல்லது தாமே குறித்த தொகை சேரும்வரை, தம் பணத்தைத் தாமே எடுக்க முடியாத கணக்கு அது. கூடுதல் வட்டி எதுவும் இல்லை. நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி இன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய கணக்கு வழங்கப்பட்டோரின் சேமிப்பு, வழங்கப்படாதோரைவிட ஓராண்டில் 81 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் கூடுதலாக உயர்ந்தது.

அன்றாட வாழ்வில் இத்தகைய தடைகளை நாமே அமைத்துக்கொள்ளலாம். கடை செயலிகளில் பதிந்துவைத்த அட்டையை நீக்கிவிடுதல். வாரச் செலவுக்குரிய தொகையை மட்டும் தனிக் கணக்கில் இட்டு, அக்கணக்கை மட்டும் கைப்பேசியோடு இணைத்தல். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை ஓர் இரவு கழித்தே வாங்குவது என உறுதி கொள்ளுதல். காலையிலும் அது தேவையாகத் தோன்றினால் வாங்கலாம், பெரும்பாலும் தோன்றுவதில்லை.

கைமாற்றுக்கும் ஒரு வரம்பு வேண்டும். நண்பர் கேட்கும்போது இல்லை என்று கூற நா எழாது என்பது உண்மையே. மாதத் தொடக்கத்திலேயே இதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவிட்டால், "இம்மாதம் என்னால் இயன்றது இவ்வளவே" என்று உண்மையையே சொல்லலாம். நட்பும் கெடாது, பொருளும் கெடாது.

பசியைத் தடையால் வெல்ல முடியாது. அதற்கு மாற்று வேண்டும். நம் மாணவர் மெஸ் உரிமையாளரிடம் பேசினார். அவருக்குரிய இரவு உணவு தூக்குச்சட்டியில் எடுத்து வைக்கப்பட்டது. ஏற்கெனவே பணம் கட்டிய உணவுதான் அது.

கணக்கு திருந்திய வகை

உணவுச் செலவு ரூ. 2,900இலிருந்து ரூ. 900ஆகக் குறைந்தது. சந்தாக்கள் நின்றன. கைமாற்று ரூ. 300 என்னும் வரம்புக்குள் அடங்கியது. ஆக ரூ. 3,500இல் ரூ. 2,300 எஞ்சிற்று. அதில் ரூ. 300 அஞ்சலகத் தொடர்வைப்புக்குச் சென்றது. மீதி ரூ. 2,000ஐ முன்பு கட்டிவந்த ரூ. 1,000உடன் சேர்த்து, மாதம் ரூ. 3,000 வீதம் கடன் அட்டைக்குக் கட்டினார். அட்டையால் புதிதாக எதையும் வாங்கவில்லை. எட்டாம் மாதத்தில் கடன் தீர்ந்தது. ஊதியம் ஒரு ரூபாயும் உயரவில்லை என்பது கருதத்தக்கது.

பல கடன்கள் உடையோர் அவற்றுள் வட்டி மிகுந்ததை முதலில் தீர்த்தல் வேண்டும். ஏனையவற்றுக்குக் குறித்த தவணையை மட்டும் தவறாது செலுத்தி, மிச்சம் பிடித்த தொகை முழுவதையும் ஒரே கடனின்மீது செலுத்துவதே விரைவில் மீளும் வழி.

ஓர் எல்லை

இவ்விடத்து ஓர் உண்மையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. எல்லாக் கடனும் பழக்கத்தால் வருவதன்று. மருத்துவச் செலவு, மழை பொய்த்தல், வேலை இழப்பு ஆகியவற்றால் வரும் கடனுக்குச் சிக்கனம் மருந்தாகாது. வயிற்றுக்கே போதாத வருவாயுடையோரிடம் சேமிப்பைப் பற்றி உபதேசிப்பது அறமும் அன்று.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் அதனை நடத்தினர். அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் 4 விழுக்காட்டினரே. அதே உழவர்கள் அறிவுத்திறன் தேர்வுகளில் அறுவடைக்கு முன்னர்க் குறைவாகவும் பின்னர் மிகுதியாகவும் மதிப்பெண் பெற்றனர். இதற்குப் பொருள் கூறுவதில் அறிஞரிடையே விவாதம் எழுந்ததுண்டு. எனினும் பணமுடையே மனத்தின் இடத்தை அடைத்துக்கொண்டு தெளிந்த முடிவெடுக்கும் ஆற்றலைக் குறைக்கிறது என்னும் அவர்தம் கருத்து, வறியோரைப் பழிக்குமுன் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. திட்டமிடுதலைப் பணமுடை வந்தபின் தொடங்குவதைவிட, ஊதியம் கைக்கு வந்த அன்றே முடித்துவிடுதல் நன்று என்பதும் இதனால் பெறப்படும்.

நிறைவாக

பழக்கம் மாறக் காலம் பிடிக்கும். இலண்டனில் 96 பேரிடம் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் இயல்பாகப் படிய நடுவளவாக 66 நாள்கள் ஆயின. சிலர்க்குப் பதினெட்டு நாள்களே போதுமாயின. சிலர்க்கு 254 நாள்கள் ஆகும் என்றும் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறினாலும் அதனால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே ஒரு நாள் ஏடு எழுதத் தவறியவர், 'எல்லாம் போயிற்று' என்று கைவிட வேண்டுவதில்லை. மறுநாள் எழுதினால் போதும்.

வள்ளுவப் பெருந்தகை வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பேசுவது 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தன் பொருளின் அளவை அறிதலும் ஒருவனுக்கு வலிமையே என்று அப்பெருமான் கருதினார் போலும்.

இவ்வாண்டு பட்டம் பெற்றுச் செல்லும் மாணவச் செல்வங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. முதல் ஊதியம் வரும் நாளில் மூன்று செயல்களைச் செய்யுங்கள்: ஒரு குறிப்பேடு வாங்குங்கள், நூறு ரூபாயிலேனும் ஒரு தொடர்வைப்பைத் தொடங்குங்கள், கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டு வரும் முதல் அழைப்புக்கு, "ஆண்டு வட்டி எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அம்மாணவர் சென்ற மாதம் மீண்டும் வந்திருந்தார். தங்கையின் மூன்றாமாண்டுக் கட்டணத்தைத் தாமே செலுத்தி, அதன் ரசீதைக் குறிப்பேட்டினுள் மடித்து வைத்திருந்தார். அதனைக் காட்டியபோது அவர் எதுவும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. ஏடு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.